கைத்தொழில் அமைச்சராக ஜி.ஜி. பொன்னம்பலம்: சீமெந்துத் தொழிற்சாலைக் குடும்பங்கள் என்ன சொல்கின்றன?

வடலி கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். மானிப்பாயிலிருந்து எழுதுகிறேன். என் அம்மப்பா காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையில் பொதி கட்டும் பகுதியில் வேலை செய்தவர். நான் பிறக்க முன்னமே மோசம் போய்விட்டார், அதனால் அவர் வாயால் ஒன்றும் கேட்கக் கிடைக்கவில்லை.

அம்மாவிடம் அவருடைய படம் ஒன்று இருக்கிறது. பழைய வீட்டு விறாந்தையில் கதிரை போட்டு இருக்கிறார். பின்சுவரில் சட்டம் போட்ட இரண்டு படங்கள். ஒன்று காந்தி. மற்றது கோட்டும் ரையும் கட்டிய ஒருவர். சொந்தக்காரர் யாரோ என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். போன மாதம் மாமா வந்து பார்த்துவிட்டு, "உது ஜி.ஜி. எல்லோ" என்றார்.

பள்ளிக்கூடத்தில் தமிழ்க் காங்கிரஸ் தலைவர் ஜி.ஜி. பொன்னம்பலம் என்றால் ஐம்பதுக்கு ஐம்பது, அதாவது சட்டசபையில் பாதி இடம் சிறுபான்மையினருக்கு என்று கேட்டவர். அதற்கு மேல் ஒரு வரி இல்லை. வெளியில் கேட்டால் ஒரு பகுதி "மலையகத் தமிழரின் பிரஜாவுரிமையைப் பறிக்கக் கை உயர்த்தியவர்" என்கிறது, இன்னொரு பகுதி "வடக்குக்குத் தொழிற்சாலை கொண்டு வந்த ஒரே ஆள்" என்கிறது. இப்போது காங்கேசன்துறை, மாங்குளம், பரந்தன் என்று கைத்தொழில் வலயங்களைப் பற்றித் திரும்பவும் கதைக்கிறார்கள், அவர் பெயரும் திரும்ப அடிபடுகிறது. புத்தகத்தில் இருப்பதை நானே வாசித்துக்கொள்வேன். அங்கே வேலை செய்தவர்களின் வீடுகளில் அவரைப் பற்றி என்ன கதைத்தார்கள் என்று யாராவது சொல்ல முடியுமா?


கிளிங்கர் எழுதியது:

பிள்ளை, பொதி கட்டும் பகுதி என்றால் உங்கள் அம்மப்பாவை என் அப்பாவுக்குக் கட்டாயம் தெரிந்திருக்கும். அப்பா சூளைப் பகுதி. 1951 இல் சேர்ந்தவர். நான் 1958 இல் மாவிட்டபுரத்தில் பிறந்தேன். நேரம் சொல்ல எங்கள் வீட்டில் மணிக்கூடு தேவைப்படவில்லை. சைரன் ஊதினால் அம்மா உலை வைப்பா, அடுத்த சைரனுக்கு அப்பா படலையைத் திறப்பார்.

சூளை என்றதும் செங்கல் சூளையை நினைக்க வேண்டாம். படுக்கப் போட்ட பென்னாம்பெரிய இரும்புக் குழாய், சற்றுச் சரிவாக, ஆறுதலாக உருண்டுகொண்டே இருக்கும். ஒரு தலைப்பில் அரைத்த சுண்ணக்கல்லும் களிமண்ணும் போகும், மற்றத் தலைப்பில் நெருப்பு. உள்ளே 1,400 பாகைக்கு மேல் சூடு. வெளியே வந்து விழுவதுதான் கிளிங்கர், கறுப்பும் சாம்பலும் கலந்த உருண்டைகள். அதோடு கொஞ்சம் ஜிப்சம் சேர்த்து மாவாக அரைத்தால் சீமெந்து. நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது அப்பா ஓர் உருண்டையைக் கைலேஞ்சியில் சுற்றிக் கொண்டு வந்து என் கையில் வைத்தார். எலுமிச்சம்பழ அளவுதான், ஆனால் பாரம். "இதுக்குள்ளை எங்கடை ஊர் நிலமும் கிடக்கு, முருங்கன் மண்ணும் கிடக்கு" என்றார். சுண்ணக்கல் காங்கேசன்துறையில் காலுக்குக் கீழேயே கிடைத்தது. களிமண் முருங்கனிலிருந்து றெயிலில் வந்தது. அந்த உருண்டை இப்போதும் என் மேசையில் கிடக்கிறது, கரண்ட் பில் பறக்காமல் இருக்க அதைத்தான் வைக்கிறேன்.

எங்கள் கொப்பிகளுக்கு உறை போட்டதும் சீமெந்துப் பையின் உள்தாள்தான். தட்டித் தட்டி உதறினாலும் வருடம் முழுக்கப் புத்தகப் பையில் ஒரு மெல்லிய மா இருந்துகொண்டே இருக்கும்.

சரி, ஜி.ஜி.க்கு வருவோம். 1948 செப்டெம்பரில் டி.எஸ். சேனநாயக்கவின் அமைச்சரவையில் சேர்ந்தார். கைத்தொழில், கைத்தொழில் ஆராய்ச்சி, மீன்பிடி மூன்றும் அவரிடம். தொழிற்சாலை 1950 இல் சீமெந்து உற்பத்தியைத் தொடங்கியது. ஒரு சீமெந்துத் தொழிற்சாலை இரண்டு வருடத்தில் முளைக்கிற சாமான் இல்லை. அவருக்கு முன் அந்தக் கதிரையில் ஜோர்ஜ் ஈ. டி சில்வா இருந்தார், அதற்கும் முதலே சுண்ணக்கல் எங்கே இருக்கிறது என்று அரசாங்கத்துக்குத் தெரியும். ஆக, "ஜி.ஜி. கொண்டு வந்தார்" என்பதை அப்படியே விழுங்க வேண்டாம். ஆனால் அவர் இருந்த ஐந்து வருடத்தில்தான் சீமெந்து ஓடத் தொடங்கியது, பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையும் வாழைச்சேனைக் காகித ஆலையும் வேர்விட்டன. வாழைச்சேனை உற்பத்திக்கு வந்தது 1956 இல், அவர் போன பிறகு. திறப்பு விழாவில் நாடா வெட்டியவரின் பெயர் மட்டும்தான் கல்லில் நிற்கும், அது எல்லா ஊரிலும் அப்படித்தான்.

அப்பா ஏன் அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடினார் என்று கேட்டால் இதுதான் காரணம். அதற்கு முன் எங்கள் பக்கத்துப் பெடியளுக்கு மூன்று வழிதான். படித்தவன் கிளாக்கர் வேலைக்குக் கொழும்புக்கோ மலாயாவுக்கோ போனான். படிக்காதவன் தெற்கில் ஏதோ ஒரு சுருட்டுக் கடைக்குப் போனான். மிச்சம் நின்றவன் செம்மண்ணில் நாலு பரப்பைக் கொத்தினான். எங்கள் ஆட்களைப் பற்றித் தெரியும்தானே, கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் (அரசாங்கத்தில்) மேய்க்க வேண்டும். அந்தக் கோறணமேந்தே சம்பளத்தோடு மாவிட்டபுரத்துக்கு நடக்கிற தூரத்தில் வந்து நின்றால் எப்படி இருந்திருக்கும்? அப்பா காலைச் சிவ்ற் முடிந்து வந்து பின்னேரம் புகையிலைக்குத் தண்ணீர் மாறுவார். கூலிக்காரன் என்று பார்த்தவர்கள் "தொழிற்சாலையில் உத்தியோகம்" என்று சொல்லத் தொடங்கினார்கள். என் மாமி ஒருவவின் சீதனப் பேச்சில்கூட அந்தச் சொல் வந்தது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். ஜி.ஜி. தொழிலாளரின் ஆள் இல்லை. அவர் அப்புக்காத்து. அல்வாயில் பிறந்து, கேம்பிரிஜ்ஜில் விஞ்ஞானம் படித்து, பிறகு சட்டம் முடித்து, பெரிய கொலை வழக்குகள் பேசிய ஆள். வேலையைக் கொண்டு வந்தது அவர் என்றால், அந்த வேலைக்கு ஓவர்ரைமும் லீவும் வாங்கித் தந்தவை சிவப்புக் கொடிச் சங்கங்கள். அப்பா இரண்டையும் ஒன்றாக வைத்திருந்தார். 1975 இடைத்தேர்தலில் தமிழரசுக் கட்சி செல்வநாயகத்தை எதிர்த்துக் கேட்டாரே கம்யூனிஸ்ட் வி. பொன்னம்பலம் (இவர் வேறு பொன்னம்பலம், குழம்ப வேண்டாம்), ஊரே தந்தை செல்வா பக்கம் நின்றபோதும் அவருக்கு ஒன்பதாயிரத்துச் சொச்சம் வாக்கு விழுந்தது. அதில் ஒன்று எங்கள் வீட்டு வாக்கு. அம்மா அதற்குப் பிறகு மூன்று நாள் அப்பாவோடு கதைக்கவில்லை.

இன்னொன்று, 1953. அமைச்சரவை ஒரு கொத்து அரிசியை 25 சதத்திலிருந்து 70 சதமாக்கியது. ஓகஸ்ட் 12 இல் ஹர்த்தால். அந்த அமைச்சரவையில் ஜி.ஜி.யும் இருந்தார். அப்பாவிடம் நான் இதைக் கேட்டிருக்கிறேன். பதில் சொல்லாமல் வெற்றிலைத் தட்டத்தை இழுத்தார். கொத்தலாவலை பிரதமரானதும் அந்த வருடமே ஜி.ஜி.யின் அமைச்சர் பதவியும் போனது.

பிரஜாவுரிமைக் கதைக்கு நான் வரவில்லை என்று நினைக்க வேண்டாம். அதைச் சொல்ல என்னைவிடப் பொருத்தமானவர்கள் இங்கே இருக்கிறார்கள்.


தருமபுரம் எழுதியது:

கிளிங்கர் அண்ணை எனக்காக இடம் விட்டிருக்கிறார் போல. சொல்கிறேன்.

என் தாத்தா ஹட்டன் பக்கத்துத் தோட்டத்தில் தேயிலைத் தொழிற்சாலையில் உருளை இயந்திரத்தில் நின்றவர். கவனியுங்கள், அதுவும் தொழிற்சாலைதான். அதிலும் சைரன் உண்டு, சிவ்ற் உண்டு, உள்நாட்டு உற்பத்தியும் உண்டு. இந்த நாட்டுக்கு டொலர் கொண்டு வந்ததே அதுதான். கைத்தொழில் என்று பேசும்போது ஏன் அது ஒருவருக்கும் ஞாபகம் வருவதில்லை?

திகதிகளைப் பாருங்கள். 1948 ஓகஸ்டில் மலையகத் தமிழரை நாடற்றவராக்கிய முதலாவது பிரஜாவுரிமைச் சட்டம் வந்தபோது ஜி.ஜி. எதிர்த்து வாக்களித்தார். செப்டெம்பரில் அமைச்சரானார். அந்த வருடக் கடைசியில், அவர்கள் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பிக்கக் கடும் நிபந்தனை போட்ட இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டமூலம் வந்தபோது ஆதரித்தார். இடையில் மூன்று மாதம். செல்வநாயகமும் வன்னியசிங்கமும் நாகநாதனும் அதில்தான் அவரை விட்டுப் பிரிந்து 1949 இல் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார்கள். 1947 பாராளுமன்றத்தில் எங்கள் மலையக ஆட்கள் இருந்தார்கள். 1952 இல் ஒருவர்கூட இல்லை.

அதற்குப் பிறகு 1964 இல் இந்தியாவோடு சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம். 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இங்கே, மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று எழுதினார்கள். மூட்டை எண்ணுகிற மாதிரி. என் தாத்தாவின் தம்பி போனார், தாத்தா நின்றார். 1977 கலவரத்துக்குப் பிறகு குடும்பம் கிளிநொச்சிக்கு வந்து காடு வெட்டியது. தாத்தா சாகும் வரை கையில் ஓர் அடையாள அட்டையும் இல்லை. அம்மாவுக்கு 2003 சட்டத்துக்குப் பிறகுதான் கிடைத்தது. அதை வாங்க அவர் ஓர் அலுவலகத்துக்கு எத்தனை தரம் பஸ் ஏறினார் என்று நான் எண்ணவில்லை. ஒருமுறை, "பிறந்ததற்கு என்ன ஆதாரம்" என்று கேட்டார்களாம். அம்மா, "நானே வந்து நிற்கிறேனே" என்று சொல்லியிருக்கிறார்.

யாழ்ப்பாணத்துக்கு ஒரு சீமெந்துத் தொழிற்சாலை கிடைத்தது என்றால் நல்லது, உங்கள் அப்பாமார் நன்றாக இருந்தார்கள் என்பதில் எனக்குச் சந்தோசம்தான். ஆனால் "தொழிலாளருக்காக உழைத்த தலைவர்" என்று யாராவது அவருக்குப் பட்டம் கட்டினால் எந்தத் தொழிலாளர் என்று ஒருக்கால் கேளுங்கள்.


ஊரெழு எழுதியது:

நான் விவசாயக் குடும்பம், சீமெந்து தெரியாது. ஆனால் இதே சிக்கல் எங்கள் வீட்டில் சிறிமாவோவை வைத்து நடக்கிறது. 1970க்குப் பிறகு வெங்காயம், மிளகாய் இறக்குமதியை நிறுத்தினா. யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரன் அப்போதுதான் கல்வீடு கட்டினான், லொறி வாங்கினான். அதே ஆட்சிதான் பல்கலைக்கழக அனுமதியில் தமிழ் மாணவரைப் பாதித்த தரப்படுத்தலையும், பௌத்தத்துக்கு முதலிடம் கொடுத்த 1972 யாப்பையும் கொண்டு வந்தது. 1977 இல் ஜே.ஆர். இறக்குமதிக்குக் கதவைத் திறந்து விட்டதும் வெங்காய விலை படுத்தது. எங்கள் அப்பப்பா மிளகாய்க் காசில் கட்டிய வீட்டுத் திண்ணையில் இருந்துகொண்டே சிறிமாவோவைத் திட்டுவார். திட்டி முடிய, "ஆனால் மனிசி மிளகாயை விளங்கினவ" என்பார்.

அந்த வீட்டைக் கட்டிய சீமெந்தும் காங்கேசன்துறைதான், இப்போதுதான் யோசிக்கிறேன்.


வடலி எழுதியது:

மூன்று பேருக்கும் நன்றி. தருமபுரம் அண்ணா, நீங்கள் சொன்ன மூன்று மாதக் கணக்கு எனக்குத் தெரியாது. இரண்டு சட்டங்களையும் ஒன்று என்றே நினைத்திருந்தேன்.

கிளிங்கர் ஐயா, உங்கள் அப்பா இதைப் பற்றி என்ன சொன்னார்? நீங்கள் அந்த இடத்தில் நழுவிவிட்டீர்கள்.


கிளிங்கர் எழுதியது:

நழுவினதுதான். பிடித்துவிட்டீர்கள்.

1952 தேர்தலில் காங்கேசன்துறையில் செல்வநாயகம் தோற்றார். வென்றவர் ஐக்கிய தேசியக் கட்சி சு. நடேசன். மலையகத் தமிழருக்காகக் கட்சியை விட்டு வெளியேறிய மனிதரை முதல் தேர்தலிலேயே வீட்டுக்கு அனுப்பியது எங்கள் தொகுதி. தொழிற்சாலை ஓடத் தொடங்கி இரண்டு வருடம். அதனால்தான் தோற்றார் என்று நான் சொல்ல வரவில்லை, நடேசனுக்கும் சொந்தச் செல்வாக்கு இருந்தது. ஆனால் அப்பா அந்த முறை நடேசனுக்குப் போட்டதாக என்னிடம் ஒப்புக்கொண்டார். "வேலை புதுசு. பயம்" என்றார். ஹட்டனில் இருக்கிற ஆட்களைப் பற்றி அன்றைக்கு நினைத்தீர்களா என்று கேட்டேன். "ஹட்டன் எங்கை கிடக்கு எண்டே அப்ப தெரியாது" என்றார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை, கேட்டிருக்க வேண்டும்.

தருமபுரம் தம்பி சொன்ன தேயிலைத் தொழிற்சாலை விசயம் எனக்கு உறைத்தது. எங்கள் வீட்டில் தேத்தண்ணி ஊற்றாத நாள் இல்லை. அந்த இலையை அரைத்தவனும் சூளையில் நிற்கிற அப்பாவும் ஒரே ஜாதி வேலைக்காரர் என்று ஒருநாளும் ஒருவரும் சொன்னதில்லை. சங்கக்காரர் மேதினக் கூட்டத்தில் சொல்லியிருப்பார்கள், நாங்கள் கடலை கொறித்துக்கொண்டு கேட்டிருப்போம்.

தொழிற்சாலையின் கடைசியையும் சொல்லிவிடுகிறேன், கைத்தொழில் வலயம் என்று கேட்டபடியால். காங்கேசன்துறைக் கிளிங்கர் காலித் தொழிற்சாலை வரைக்கும் அரைக்கப் போனது. 1990 ஜூனில் சண்டை தொடங்க வலிகாமம் வடக்குச் சனமே இடம்பெயர்ந்தது. சூளையும் அணைந்தது. அப்பா சாறத்தோடும் ஒரு சூட்கேசோடும் வெளிக்கிட்டார். கிளிங்கர் உருண்டையை அதற்குள் வைத்தது அம்மாவுக்குத் தெரியாது, தெரிந்திருந்தால் எறிந்துவிட்டு ஒரு சட்டை வைத்திருப்பா. பரந்தனும் சண்டையோடு முடிந்தது. ஆனையிறவு உப்புக் கரைசலில் மின்சாரம் பாய்ச்சிக் கோஸ்டிக் சோடாவும் குளோரினும் எடுத்த இடம் அது. இப்போது பரந்தன் என்ற பெயரில் அரச கம்பனி இருக்கிறது, குளோரினை வெளிநாட்டிலிருந்து இறக்கி விற்கிறது. பெயர்ப் பலகை மட்டும் எங்கள் ஊர்.

2015 இல் றெயில் காங்கேசன்துறை வரைக்கும் திரும்ப ஓடியபோது நானும் ஒருநாள் போனேன். வெறும் கட்டடத்தைப் பார்த்ததைவிடக் கல் எடுத்த கிடங்குகளைப் பார்த்ததுதான் நெஞ்சில் நிற்கிறது. நாற்பது வருடம் வெடி வைத்து எடுத்த பள்ளம், அடியில் பச்சைத் தண்ணீர். யாழ்ப்பாணத்தின் நன்னீர் முழுக்க அந்தச் சுண்ணக்கல்லுக்குள்தான் தேங்கி நிற்கிறது. அந்தக் கல்லைத்தான் நாங்கள் மூட்டை மூட்டையாகக் கட்டி அனுப்பினோம். ஜி.ஜி. காலத்தில் ஒருவரும் அதை யோசிக்கவில்லை. திரும்பவும் அங்கே கல் வெட்டிச் சீமெந்து என்று யாராவது வந்தால், சூளைக்காரன் மகனாகிய நானே எதிர்த்துப் போய் நிற்பேன். வேறு தொழிற்சாலை வரட்டும். சம்பளச் சீட்டும் சங்கமும் சேர்ந்து வரட்டும்.

ஒன்று கேட்க மறந்துவிட்டேன் பிள்ளை. அந்தப் படம் எந்த வருடம் எடுத்தது? பின்சுவரில் கலண்டர் ஏதும் தெரிகிறதா?


வடலி எழுதியது:

கலண்டர் இல்லை. சட்டத்தைக் கழற்றிப் பின்பக்கம் பார்த்தேன். ஸ்ரூடியோ முத்திரை, கீழே பேனையால் 12.5.1961.

அம்மாவும் பக்கத்தில் வந்து நின்று பார்த்தா. பார்த்துவிட்டு, "சேட்டுப் பொக்கற்றில் என்ன குத்தியிருக்கு?" என்று கேட்டா. போனில் பெரிதாக்கிப் பார்த்தோம். சின்ன வட்டமாக ஒரு பட்ஜ். கறுப்பு வெள்ளைப் படம், நிறம் தெரியவில்லை. அம்மா அது சங்கத்து பட்ஜ், சிவப்பு என்கிறா. சின்ன வயதில் அதை வைத்து விளையாடினாவாம்.


கிளிங்கர் எழுதியது:

1961 என்றால் ஜி.ஜி. அமைச்சர் பதவியை இழந்து எட்டு வருடம். 1960 இல் வந்த இரண்டு தேர்தலிலும் யாழ்ப்பாணத்தில் அல்பிரட் துரையப்பாவிடம் தோற்று வீட்டில் இருந்த நேரம். அவர் படத்தைச் சுவரில் வைத்து ஒரு பலனும் இல்லாத காலம். பட்ஜைக் குத்திக்கொண்டு அந்தச் சுவருக்கு முன்னால் கதிரை போட்டிருக்கிறார் உங்கள் அம்மப்பா.

அப்பா இருந்திருந்தால் ஆள் யாரென்று உடனே சொல்லியிருப்பார்.


தருமபுரம் எழுதியது:

அந்தப் படத்தை இங்கே போட முடியுமா தங்கச்சி? ஜி.ஜி.யை வெட்டாமல் முழுப் படமும் போடுங்கள்.